கொழும்புப் புழுக்கத்தில் நிற்கும் மேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி போட்ட ஸ்டூடியோவில் எடுத்த வீடியோவைப் பார்த்து, அதே பொருளை அதே வரிசையில் பூசிக்கொண்டு காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றால் கால் மணி நேரத்தில் மூக்கு நுனி மினுங்கத் தொடங்கும். இங்கே ஆண்டு முழுவதும் பகலில் 30 பாகையளவு வெப்பம். காற்றிலோ ஈரம் கூட, வியர்வை காய வழியில்லை. அதனால் கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வரும்: படை குறையக் குறைய மேக்கப் கூட நேரம் நிற்கும்.

காலையில் ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒபிஸுக்கு எது போதும்?

ஐந்து பொருள் போதும்: சன்ஸ்கிரீன், கன்சீலர், பவுடர், கண்மை, லிப்ஸ்டிக். பவுண்டேஷனை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம்.

முகம் கழுவித் துவாயால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோல் என்றால் தனியாக மொய்ஸ்சரைசர் வேண்டாம், சன்ஸ்கிரீனே அந்த வேலையையும் பார்த்துவிடும். அதைப் பூசிவிட்டுத் தலை வாருங்கள், பகல் சாப்பாட்டைக் கட்டுங்கள். தோலில் படிய அதற்கு ஐந்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். பிறகு கன்சீலரைப் பயறளவு எடுத்துக் கண்ணின் உள்மூலை, மூக்கின் இரு ஓரம், பரு விட்ட தழும்பு ஆகிய இடங்களில் மட்டும் வையுங்கள். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேய்த்தால் அடியிலுள்ள சன்ஸ்கிரீனும் சேர்ந்து நகர்ந்து, தழும்பு முன்னையிலும் பளிச்சென்று தெரியும்.

பவுடர் நெற்றியின் நடுவுக்கும் மூக்குக்கும் நாடிக்கும் போதும். பஃப்பை வைத்து அழுத்துங்கள், இழுக்க வேண்டாம். கன்னத்தில் பவுடர் போடாமல், லிப்ஸ்டிக்கில் ஒரு துளியை விரலில் எடுத்துக் கன்ன எலும்பின் மேல் தட்டிவிட்டால் அதுவே பிளஷ். கண்மை எழுதி, உதட்டில் மிச்ச லிப்ஸ்டிக்கைப் பூசினால் வேலை முடிந்தது.

பூசும்போது சரியாக இருக்கிற பவுண்டேஷன் பத்து மணிக்குள் கறுத்துவிடுகிறதே, ஏன்?

பவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஒக்சைட்டுகள். முகத்து எண்ணெயும் வியர்வையும் அந்தத் துகள்களை நனைக்கும்போது நிறம் ஆழமாகத் தெரியும். உலர்ந்த செங்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கறுப்பது போலத்தான். இரண்டு விதமாகத் தடுக்கலாம். ஒன்று, பூசுவதற்கு முன் டிஷ்யூவை முகத்தில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பது. மற்றது, வாங்கும்போதே இதைக் கணக்கில் எடுப்பது: நாடியோரத்தில் பூசிய பின் இருபது நிமிடம் கடையைச் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். அப்போது தெரியும் நிறம்தான் உங்களுக்குக் கிடைக்கப் போகும் நிறம்.

என் ஷேட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புறங்கையில் பூசிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். நம்மில் பெரும்பாலானோருக்குக் கைக்கும் முகத்துக்கும் இரண்டு ஷேட்டாவது வித்தியாசம். உங்கள் நிறத்துக்கு நெருங்கிய மூன்று ஷேட்டை எடுத்து, காதுக்குக் கீழே நாடி எலும்பிலிருந்து கழுத்தை நோக்கி மூன்று கோடு இழுங்கள். கடையின் விளக்கு மஞ்சளாகவோ நீலவெள்ளையாகவோ இருக்கும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மஜெஸ்டிக் சிட்டியில் வாங்குவதென்றால் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் ஷேட் வெளிறியது, அல்லது அதில் இளஞ்சிவப்பு கூட. செம்மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சட்சாயல் கூடிவிட்டது. மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்துச் சாயல் சொல்லும் முறை மாநிறத்திலும் கறுத்த தோலிலும் பெரிதாக உதவாது.

எம்.ஏ.சி. நிறுவனத்தின் பவுண்டேஷன் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: அவர்களின் என்.சி. வரிசை பொன்மஞ்சட் சாயல் கொண்ட தோலுக்கு, என்.டபிள்யூ. வரிசை இளஞ்சிவப்புச் சாயலுக்கு. சி., டபிள்யூ. என்ற எழுத்துகள் 'கூல்' (குளிர்ச்சி), 'வோர்ம்' (சூடு) என்று நினைக்க வைப்பதால் தலைகீழாக வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். இலக்கம் கூடக் கூட நிறம் ஆழமாகும். இரண்டு ஷேட்டுக்கு நடுவே நின்றால் சற்று ஆழமானதை எடுங்கள். கன்சீலரால் நடு முகத்தை வெளிச்சமாக்கலாம், வெளிறிய பவுண்டேஷனை மறைக்க ஒரு வழியும் இல்லை.

சன்ஸ்கிரீன் பூசினால் திருநீறு பூசிய முகம் மாதிரி இருக்கிறது.

துத்தநாக ஒக்சைட், தைத்தேனியம் டைஒக்சைட் இருக்கும் சன்ஸ்கிரீன் நம் நிறத்தில் வெள்ளை படியும். இரண்டு தெரிவு உண்டு: இந்தக் கனிமங்கள் இல்லாத ஜெல் வகை, அல்லது நிறம் சேர்த்த வகை. நிறம் சேர்த்ததில் உள்ள இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு அதுதான் நல்லது.

வெள்ளை படிகிறதே என்று அளவைக் குறைக்கக் கூடாது. முகத்துக்கு மட்டும் கால் தேக்கரண்டி வேண்டும், கழுத்துக்கு வேறு. போத்தலில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு) எண், சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. பாதி பூசினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கொழும்பின் நண்பகல் வெயிலில் புறஊதாச் சுட்டி பெரும்பாலான மாதங்களில் 10ஐத் தாண்டும், மப்பும் மந்தாரமுமான நாளிலும் அது பூச்சியமாகாது. 'பவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். 20 இருக்கிறதே' என்பவர்களுக்கு: கால் தேக்கரண்டி பவுண்டேஷனை யாரும் முகத்தில் பூசுவதில்லை.

சன்ஸ்கிரீன் மேல் பவுண்டேஷன் போட்டால் அழுக்குப் போலத் திரண்டு திரண்டு வருகிறது.

அடியில் தண்ணீர் கூடிய பொருள், மேலே சிலிக்கோன் கூடிய பொருள், இரண்டும் காயுமுன் தேய்ப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் திரளும். மூலப்பொருள் பட்டியலின் முதல் நாலைந்து பெயர்களில் 'கோன்' அல்லது 'சிலொக்சேன்' என்று முடிவது இருந்தால் அது சிலிக்கோன் வகை. சிலிக்கோனுக்கு மேல் சிலிக்கோன், தண்ணீருக்கு மேல் தண்ணீர் என்று பொருத்துங்கள். மாற்ற முடியாவிட்டால் சன்ஸ்கிரீனைப் பத்து நிமிடம் விட்டு, ஈர ஸ்பொஞ்சால் தட்டிப் போடுங்கள். ஏற்கெனவே திரண்டுவிட்டதென்றால் மேலே பூசி மறைக்கப் பார்க்காமல் கழுவிவிடுங்கள்.

கண்மை கரைந்து கண்ணுக்குக் கீழே இறங்குகிறது. வோட்டர்புரூஃப் வாங்கியும் பயனில்லை.

வோட்டர்புரூஃப் என்றால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குக் கரையும். கண்ணைச் சுற்றிப் பூசிய கிரீமும் தோல் எண்ணெயும்தான் எதிரி. எனவே முதலில் கண்ணுக்குக் கீழே கிரீமை மிகக் குறைவாகப் பூசி, மெல்லியதாகப் பவுடர் ஒற்றுங்கள். இமையின் உள்விளிம்பைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவை ஒற்றிக் காய வைத்துவிட்டு எழுதுங்கள். மேல் இமையின் உள்விளிம்பில் முழுக்க எழுதலாம். கீழே வெளிப்புற மூன்றில் ஒரு பங்குடன் நிறுத்துங்கள், உள்மூலையில்தான் கண்ணீர் தேங்கும். எழுதி முடிந்ததும் அரை நிமிடம் பொறுத்து, கடும் கபில நிற ஐஷாடோவைத் தட்டைப் பிரஷ்ஷால் அந்தக் கோட்டின் மேல் அழுத்திவிடுங்கள். மெழுகின் மேல் தூள் உட்கார்ந்தால் நகராது.

விளக்கெண்ணெயும் கரியும் சேர்த்து வீட்டில் செய்த மை குளிர்ச்சியாக இருக்கும், இறங்கத்தான் செய்யும். இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஊர் இல்லாத சிறு டப்பாக்களில் வரும் சுர்மா என்ற கண்மைத் தூள் வேண்டவே வேண்டாம். பல சுர்மாக்களின் அடிப்படையே ஈய சல்பைட். குழந்தைகளுக்குப் பூசுவதை உடனே நிறுத்த வேண்டும்.

கருவளையத்தை எப்படி மறைப்பது? கன்சீலர் போட்டால் சாம்பலாகத் தெரிகிறது.

முதலில் அது நிறமா நிழலா என்று பாருங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்று நாடியை உயர்த்திக் கண்ணாடியைப் பாருங்கள். கருமை மறைந்தால் அது கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தின் நிழல், அதைப் பூசி மறைப்பது கடினம். மறையாவிட்டால் நிறம்.

நம் தோலில் அந்தக் கருமை நீலமும் கபிலமும் கலந்தது. அதன் மேல் வெளிறிய கன்சீலர் போட்டால் சாம்பல்தான் வரும். முதலில் நிறத்தைச் சமப்படுத்துங்கள்: பொதுநிறத்துக்குப் பீச், கறுத்த தோலுக்குச் செம்மஞ்சள் கரெக்டர். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரைப் பயறளவு, கருமை இருக்கும் இடத்தில் மட்டும். அதன் மேல் உங்கள் தோல் நிறத்திலேயே கன்சீலர். ஒரு ஷேட் வெளிச்சமானது வேண்டுமென்றால் உள்மூலையில் ஒரு புள்ளி. கோடு விழுவது அளவு கூடியதால் வருவது. பவுடர் போடுமுன் விரல் நுனியால் கோடுகளை ஒரு தடவை தட்டி எடுத்துவிடுங்கள்.

தூக்கமின்மை, பரம்பரை, கண்ணைக் கசக்கும் பழக்கம், இரும்புச்சத்துக் குறைவு எல்லாமே காரணமாகலாம். திடீரென்று கூடினால் வைத்தியரைப் பாருங்கள்.

நடிகைகளின் லுக்கைக் கொழும்பு வாழ்க்கைக்கு எப்படிக் கொண்டுவருவது?

முழுவதையும் எடுக்காமல் ஒன்றே ஒன்றைக் கடன் வாங்குங்கள். கண் என்றால் கண், உதடு என்றால் உதடு. படத்தில் தெரிவதில் பாதி வெளிச்சம், கமரா, பிறகு செய்த திருத்தம். அதை எந்தக் குப்பியிலும் வாங்க முடியாது.

*சாவித்திரியின் கண்:* கறுப்பு வெள்ளைப் படத்தில் எடுபட வேண்டுமென்று தடிப்பாக எழுதிய வால்கோடு. இன்று ஒபிஸுக்கு அதே தடிப்பு நாடகம் போலாகிவிடும், மெல்லியதாக எடுத்தால் வடிவு. கண்ணை நேரே திறந்து வைத்து, கீழ் இமை முடியும் இடத்திலிருந்து புருவத்தின் வாலை நோக்கி 5 மில்லிமீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து உள்நோக்கி இமை மயிரோடு சேர்த்து இழுங்கள். வெளியே நோக்கி இழுத்தால் கை நடுங்கும். இமை மடிந்து விழும் கண்ணுக்கு மூடிய கண்ணில் வரைந்தால் திறந்ததும் கோடு முறிந்து தெரியும், அதனால்தான் திறந்து வைக்கச் சொன்னோம். மேல் இமையில் அச்சு விழுந்தால் எழுதுமுன் இமைக்குப் பவுடர் போடவில்லை என்று அர்த்தம்.

*நயன்தாராவின் மை:* மேலும் கீழும் நிறைந்த மை, அமைதியான உதடு. மேலே சொன்னபடி ஐஷாடோவால் அழுத்தாமல் இதை முயலவே வேண்டாம். நிறைந்த மையோடு சிவப்பு லிப்ஸ்டிக்கும் போட்டால் லுக் குழம்பிவிடும்.

*குந்தவையாக வந்த திரிஷா:* 2022க்குப் பிறகு கல்யாண வீடுகளில் இதைக் கேட்காத ஆள் இல்லை. பெரும்பகுதி அணிகலனும் கொண்டையும்தான். முகத்துக்கு வேண்டியது சீரான புருவம், மெல்லிய கண்கோடு, மண்நிற உதடு. வட்ட முகத்துக்கு நடுவகிடு எடுபடாது. நெற்றிச்சுட்டி கட்டுவதென்றால் நெற்றியில் ஹைலைட்டர் வேண்டாம், இரண்டும் சேர்ந்து எண்ணெய் வழிவதாகத் தெரியும்.

*ஆலியா பட்டின் கல்யாணம்:* 2022 ஏப்ரலில் யானைத்தந்த நிறச் சாறி, விரித்த கூந்தல், இருக்கிறதா இல்லையா என்ற மேக்கப். அதைப் பார்த்து 'லைட்டா போதும்' என்று கேட்கும் மணப்பெண்கள் அதிகம். கொழும்பு மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் வீடியோ விளக்கும் முகத்து நிறத்தை உறிஞ்சிவிடும். கண்ணாடியில் சரியாகத் தெரிவதை விட ஒரு படி கூட பிளஷ் வேண்டும், பவுண்டேஷனைக் கூட்ட வேண்டாம். ட்ரயல் செய்வதென்றால் மாலை நேரத்தில் செய்து மூன்று மணி நேரம் முகத்தோடு இருந்து பாருங்கள். சலூனில் ஏசிக்குள் பார்த்துவிட்டு வருவது ட்ரயல் ஆகாது.

*சாய் பல்லவி:* 2015இல் நாயகியாக வந்த முதல் படத்திலிருந்தே பருவையும் சிவந்த கன்னத்தையும் மறைக்காமல் வந்தவர், வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரத்தை மறுத்தவர். இந்த லுக்குக்கு வாங்க வேண்டியது சன்ஸ்கிரீனும் லிப் பாமும்.

*ஜக்குலின் பெர்னாண்டஸ்:* 2006இல் மிஸ் யுனிவர்ஸ் ஸ்ரீலங்கா ஆனவர். மினுங்கும் தோல்தான் கேட்கப்படுவது. இங்கே மினுக்கத்தைப் பூசத் தேவையில்லை, இரண்டு மணி நேரத்தில் தானாக வரும். கன்ன எலும்பின் உச்சியில் மட்டும் விரலால் ஒரு தடவல், மற்ற இடமெல்லாம் பவுடர். அப்போதுதான் அது மினுக்கமாகத் தெரியும், வியர்வையாகத் தெரியாது.

கொரியாவின் மினுங்கும் 'கண்ணாடித் தோல்' லுக் இங்கே சரிவருமா?

இரவு நேர ஏசி விருந்துக்குச் சரி. பகலில் சரிவராது.

நியூட் லிப்ஸ்டிக் போட்டால் காய்ச்சல்காரி போலத் தெரிகிறேன்.

வெளிநாட்டு நியூட் பெரும்பாலும் வெளிறிய தோலுக்குச் செய்தது. நமக்கு நியூட் என்றால் நம் உதட்டின் சொந்த நிறத்துக்குக் கிட்ட, அல்லது ஒரு படி ஆழம்: செங்கல், இலவங்கப்பட்டை, மங்கிய ரோஜா, கத்தரிப்பூ கலந்த கபிலம். மேலுதடு கறுத்துக் கீழுதடு சிவந்திருப்பவர்கள் கபில லைனரால் இரண்டையும் நிரப்பிவிட்டு மேலே பூசினால் நிறம் ஒன்றாகும். உதட்டில் பவுண்டேஷன் தடவி அதன் மேல் போடுவது பழைய உத்தி. அது வெடித்துத் தூளாகும்.

சிவப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. எம்.ஏ.சி.யின் ரூபி வூ போல நீலச்சாயல் கொண்ட சிவப்பு பல்லை வெள்ளையாகக் காட்டும், செம்மஞ்சட் சிவப்பு மஞ்சள் பல்லை எடுத்துக்காட்டும். மேட் லிக்விட் லிப்ஸ்டிக் உதட்டின் உள்வளையத்தில் முதலில் உரியும். சோறும் கறியும் சாப்பிடுவதென்றால் எண்ணெய் பட்டதும் கழரும், சாப்பாட்டுக்குப் பிறகு முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே சுத்தம். மேலே மேலே பூசினால் திட்டாகும்.

ஃபிளாஷ் படத்தில் முகம் மட்டும் வெள்ளையாக, கழுத்து வேறு ஆளுடையது போல!

ஃபிளாஷை முகம் திருப்பி அடிக்கிறது. சிலிக்கா கலந்த நிறமற்ற பவுடரும், தைத்தேனியம் உள்ள சன்ஸ்கிரீனும் இதைச் செய்யும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விசேஷத்துக்கு முதல் நாள் விளக்கை அணைத்துவிட்டுப் போன் ஃபிளாஷில் ஒரு செல்ஃபி எடுத்தால் தெரிந்துவிடும். இரவு விசேஷத்துக்கு நிறமுள்ள பவுடர் பாவியுங்கள். அகன்ற கழுத்துச் சட்டை போடுவதாக இருந்தால் ஸ்பொஞ்சில் மிஞ்சியதைக் கழுத்துக்கும் காதுக்கும் இழுத்துவிடுங்கள். காதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பவுண்டேஷன் மேல் பொட்டு ஒட்டுவதில்லை. குங்குமமோ மூக்குக்கு இறங்குகிறது.

ஒட்டுப்பொட்டின் பசை எண்ணெயிலும் சிலிக்கோனிலும் பிடிக்காது. பொட்டு வரும் இடத்தை மட்டும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துவிட்டுப் பவுடர் போடாமல் ஒட்டுங்கள். குங்குமத்துக்குப் பழைய வழியே வழி: ஊசிமுனையளவு மெழுகு வைத்து, அதன் மேல் மோதிர விரலால் குங்குமத்தை அழுத்துவது. மெழுகு இல்லாவிட்டால் வாஸ்லின், ஆனால் அளவு கூடினால் அதுவே குங்குமத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். கோயிலுக்குப் போகும் நாளில் நெற்றியில் பவுண்டேஷனே வேண்டாம். குழைத்த திருநீறு அதன் மேல் திட்டுத்திட்டாகக் காயும்.

பொட்டு வைத்த இடம் வெளுக்கிறது என்றால் அன்றே ஒட்டுப்பொட்டை நிறுத்துங்கள். சில பசைகளில் உள்ள பாரா டேர்ஷரி பியூட்டைல்பீனோல் என்ற இரசாயனம் தோலின் நிறமிக் கலங்களைத் தாக்கும். தொடர்ந்தால் வெள்ளை நிலைத்துவிடக் கூடும். தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், அதுவரை ஐலைனரால் வரைந்துகொள்ளலாம். கடும் சாயக் குங்குமம் அரித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த வகையைத் தேடுங்கள்.

தொழுகைக்கு முன் வுழூ செய்து முகம் கழுவுகிறவர்களுக்கு எது வசதி?

தண்ணீர் தோலைத் தொட வேண்டுமென்பதால் வோட்டர்புரூஃப் மஸ்காராவும் நெடுநேர பவுண்டேஷனும் ஒவ்வொரு முறையும் தலையிடி. வேலை நாளில் நிறமுள்ள சன்ஸ்கிரீன், புருவத்துக்குத் தூள், உள்விளிம்பில் சுர்மா அல்லாத மை, லிப் பாம் என்று வைத்துக்கொண்டால் கழுவவும் திரும்பப் போடவும் நான்கு நிமிடம். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குக் கழுவிய பின் சன்ஸ்கிரீனையும் மறுபடி பூசுகிறீர்கள் என்பதால், காலையில் ஒருமுறை மட்டும் பூசுகிறவர்களை விட உங்கள் தோலுக்கு அது இலாபம்.

பத்து நாளில் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று எல்லோரும் பாவிக்கிறார்கள். நல்லதா?

இல்லை. பத்து நாளில் வெளுக்க வைப்பவை மூன்றுதான்: பாதரசம், வீரியமான ஸ்டீரொயிட், அளவு கூடிய ஹைட்ரோகுயினோன். பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாய், தலையணை வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். இலங்கையும் சேர்ந்திருக்கும், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைத் தடுத்தது. 2023 மாநாட்டில், அதற்குக் குறைந்த அளவுக்கு இருந்த விலக்கையும் எடுத்துவிட முடிவாயிற்று.

லேபலில் கலோமெல், மெர்கியூரியஸ், மெர்குரி என்ற சொற்கள் இருந்தால் கீழே வையுங்கள். 'தங்க, வெள்ளி நகையில் படக் கூடாது' என்று எழுதியிருந்தாலும் அதே சந்தேகம்தான், பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளுக்க வைக்கும். மூலப்பொருள் பட்டியலே இல்லாத, கையால் நிரப்பிய டப்பாவுக்கு இவ்வளவு ஆராய்ச்சியும் தேவையில்லை.

ஏற்கெனவே பாவித்து, நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது என்றால் அது ஸ்டீரொயிட்டின் வேலை. திரும்பப் பூசினால் அடங்கும், அதுதான் பொறி. வைத்தியரிடம் டப்பாவையும் கொண்டுபோங்கள்.

போலியை எப்படி அடையாளம் காண்பது?

புறக்கோட்டையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் போலியும் இல்லை, கொள்ளுப்பிட்டியில் விலை கூட இருப்பதெல்லாம் அசலும் இல்லை. பெட்டியிலும் குழாயிலும் தொகுதி இலக்கம் ஒன்றா என்று பாருங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, மூடி இறுக்கமாகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். பார்கோட் 479 என்று தொடங்கினால் அந்த இலக்கம் இலங்கையில் பதிவானது என்பது மட்டும்தான் பொருள். யார் வேண்டுமானாலும் அதை அச்சடிக்கலாம். ஏமாற்றப்பட்டால் பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

கண்ணுக்கும் உதட்டுக்கும் போடுவதில் மட்டும் விலை பார்க்க வேண்டாம். பிரஷ், ஸ்பொஞ்ச், பொட்டு, கிளிப் எல்லாம் மலிவாக வாங்கி மிச்சம் பிடிக்கலாம். கடையில் டெஸ்டர் லிப்ஸ்டிக்கை உதட்டில் வைக்கக் கூடாது, விரல் நுனியில் பூசிப் பாருங்கள். விரல் நுனிதான் உதட்டின் நிறத்துக்குக் கிட்ட வரும்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

திறந்த நாளிலிருந்து மஸ்காரா 3 மாதம், லிக்விட் ஐலைனர் 6 மாதம், பவுண்டேஷன் ஒரு வருடம், லிப்ஸ்டிக் ஒன்றரை வருடம், பவுடர் இரண்டு வருடம். லேபலில் உள்ள திறந்த டப்பாப் படத்துக்குள் 12எம் என்றிருந்தால் 12 மாதம். திறந்த திகதியைப் பேனையால் அடியில் எழுதிவையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். லிப்ஸ்டிக்கில் வியர்த்தது போல் எண்ணெய்த் துளி நின்றால் அது கெடவில்லை, வெக்கை. டிஷ்யூவால் ஒற்றிவிட்டு நிழலில் வையுங்கள். மணம் மாறியிருந்தால் வீசுங்கள். கொம்பெக்ட் பவுடரின் மேல் கெட்டியாகி எதுவும் வராவிட்டால் அது முகத்து எண்ணெய். ஒட்டுத்தாளை மேலே ஒட்டி உரித்தால் அந்தப் படை போய்விடும்.

ஸ்பொஞ்சை ஒவ்வொரு பாவனைக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டுப் பிழிந்து காற்றில் காய வையுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஈரத்தோடு பையில் போட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கழுவிப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

தேங்காயெண்ணெயால் மேக்கப் அழிக்கலாமா?

கண்ணுக்கு அழிக்கலாம். நாலு துளியைப் பஞ்சில் விட்டு, மூடிய இமையில் பத்து விநாடி வைத்துவிட்டுக் கீழ்நோக்கித் துடைத்தால் வோட்டர்புரூஃப் மஸ்காராவும் வரும். முகம் முழுக்க வேண்டாம், பரு வரும் தோலில் துவாரத்தை அடைக்கும். எதனால் அழித்தாலும் பிறகு ஃபேஸ்வொஷ் போட்டுக் கழுவ வேண்டும். வெற்று டிஷ்யூவால் துடைத்துவிட்டுப் படுப்பது அழித்ததாகாது.

கைப்பையில் என்ன வைத்திருப்பது?

டிஷ்யூ, சிறு கொம்பெக்ட், காது குடையும் பஞ்சுக்குச்சி இரண்டு, லிப்ஸ்டிக். வேர்த்தால் முதலில் டிஷ்யூ, பிறகுதான் பவுடர். வியர்வை மேல் பவுடர் போட்டால் அது மாவாகும், அதைச் சரிசெய்ய முகம் கழுவத்தான் வேண்டும்.